கையில் சீட்டு இருக்கிறதா? கேரள லாட்டரி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை இருக்கிறது. பாலக்காட்டுக்குப் போகும்போது சீட்டு வாங்கி வந்தால் தவறா? பரிசு விழுந்தால் நமக்குத் தருவார்களா?
*– பொள்ளாச்சி வாசகர்*

கேரளத்துக்குப் போயிருக்கும்போது அங்குள்ள கடையில் உங்களுக்காக வாங்கிய சீட்டுக்குப் பரிசு கோரலாம். வெளிமாநிலத்தவர் என்பதற்காகத் தள்ளிவிட மாட்டார்கள். 2023 ஓணம் பம்பரில் (ஓணத்தையொட்டி வரும் பெரிய பரிசுச் சீட்டு) 25 கோடி விழுந்தது, திருப்பூரைச் சேர்ந்த நான்கு பேர் சேர்ந்து வாங்கிய சீட்டுக்குத்தான். அது கேரள எல்லையில் உள்ள வாளையாறில் விற்ற சீட்டு. அடுத்த ஆண்டு அதே பரிசு கர்நாடகத்தின் மண்டியாவைச் சேர்ந்த ஒருவருக்குப் போனது.

குற்றம் வேறு இடத்தில் இருக்கிறது. 2003 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டுக்குள் எந்த லாட்டரிச் சீட்டையும் விற்கக் கூடாது. 1998ஆம் ஆண்டு மத்திய லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, தடையுள்ள மாநிலத்தில் விற்கிறவருக்கு மட்டுமல்ல, வாங்குகிறவருக்கும் இரண்டு ஆண்டு வரை கடுங்காவலோ அபராதமோ இரண்டுமோ உண்டு. ஆகவே பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு ஒருவர் கேரளச் சீட்டை நீட்டினால் தொடாதீர்கள். அந்தச் சீட்டு அசலாகவே இருந்தாலும், பெரிய பரிசு விழுந்தபிறகு “எப்போது கேரளம் வந்தீர்கள், எதற்கு வந்தீர்கள், எந்தக் கடையில் வாங்கினீர்கள்” என்று லாட்டரித் துறை விசாரிக்கும். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. முறையாக வாங்குகிறவர்கள் அன்றைய பஸ் டிக்கெட்டையோ சுங்கச்சாவடி ரசீதையோ சீட்டோடு சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. கடையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பரிசு எண்ணும் என் சீட்டு எண்ணும் ஒன்றுதான். ஆனால் முன்னால் உள்ள எழுத்து வேறு. கோடி ரூபாய் இல்லையென்று கடைக்காரர் சொல்கிறார். ஏமாற்றுகிறாரா?
*– கம்பம் வாசகி*

கடைக்காரர் சொல்வது சரிதான் அம்மா. ஆனாலும் உங்கள் சீட்டு வெற்றுச் சீட்டு அல்ல, ஆறுதல் பரிசுக்கு உரியது. சீட்டை அவரிடம் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

கேரள வாரச் சீட்டில் (ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பெயரில் வருவது) முதலில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும், அதுதான் சீரிஸ். பிறகு ஆறு இலக்க எண். எண்கள் 1,00,000 முதல் 9,99,999 வரை ஓடும். அதாவது ஒரு சீரிஸில் 9 லட்சம் சீட்டுகள், 12 சீரிஸுக்கு மொத்தம் 1 கோடியே 8 லட்சம். முதல் பரிசுக்குச் சீரிஸ் எழுத்தும் ஆறு இலக்கமும் ஒருசேரப் பொருந்தவேண்டும். எண் மட்டும் பொருந்தி எழுத்து மாறியிருக்கும் மற்ற 11 சீட்டுகளுக்கு ஆறுதல் பரிசு. அது சில ஆயிரம் ரூபாய்தான்.

இரண்டாம், மூன்றாம் பரிசுகளுக்கும் எழுத்து, எண் இரண்டும் வேண்டும். நான்காம் பரிசிலிருந்து கணக்கு மாறுகிறது. அங்கே கடைசி நான்கு இலக்கம் பொருந்தினால் போதும், எந்தச் சீரிஸாக இருந்தாலும் சரி. முடிவுத் தாளில் ஒரு நான்கு இலக்க எண்ணைப் பார்த்தால், அந்த ஒரே எண்ணுக்குப் பின்னால் 1,080 சீட்டுகள் இருக்கின்றன என்று பொருள் (ஒரு சீரிஸில் 90, அதைப் பன்னிரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்). சிறு பரிசுகள் பலருக்கும் விழுவது இதனால்தான்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நடக்கிறது. சனிக்கிழமைக் குலுக்கலுக்கான சீட்டைச் செவ்வாய்க்கிழமையே வாங்கிவிட்டு, செவ்வாய் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கிழித்துப் போடுகிறார்கள். சீட்டில் லாட்டரியின் பெயர், குலுக்கல் எண், தேதி மூன்றும் அச்சாகியிருக்கும். முடிவுத் தாளின் தலைப்பிலும் அவை இருக்கும். மூன்றும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே எண்ணுக்கு வாருங்கள்.

வாரச் சீட்டுக் குலுக்கல் திருவனந்தபுரம் பேக்கரி ஜங்ஷன் அருகே கோர்க்கி பவனில் பிற்பகல் 3 மணிக்கு நடக்கும். யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் உடனே எண்கள் வந்துவிடும். அவற்றில் ஒரு இலக்கம் தவறினாலும் உங்களுக்குத்தான் இழப்பு. லாட்டரித் துறை இணையதளத்தில் வரும் முடிவுத் தாளையோ, கேரள அரசிதழையோ பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஒரே எண்ணில் 12 சீரிஸையும் ‘செட்’டாக வாங்கினால் வாய்ப்பு கூடும் என்கிறார்களே?
*– கோவை வாசகர்*

முதல் பரிசைப் பொறுத்தவரை வாய்ப்பு துளியும் அதிகமாகாது. 50 ரூபாய்ச் சீட்டில் 12 வாங்க 600 ரூபாய். ஒரே எண்ணில் 12 சீரிஸ் வைத்திருந்தால் 9 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. வெவ்வேறு எண்களில் 12 வைத்திருந்தால் 1.08 கோடியில் 12 வாய்ப்பு. வகுத்துப் பாருங்கள், அதுவும் 9 லட்சத்தில் ஒன்றுதான். செட் வைத்திருப்பவருக்கு முதல் பரிசோடு 11 ஆறுதல் பரிசும் சேர்ந்து வரும் என்பது உண்மை. ஆனால் கடைசி நாலு இலக்கப் பரிசுகளில் அவருக்கு விழுந்தால் பன்னிரண்டுக்கும் விழும். இல்லையென்றால் பன்னிரண்டும் போகும். பெரும்பாலான நாட்களில் நடப்பது இரண்டாவதுதான். தனித்தனி எண் வாங்கியவருக்கு ஏதோ ஒரு சிறு பரிசாவது தட்டுப்படும் வாய்ப்பு அதிகம்.

ஒரு சீட்டுக்கு முதல் பரிசு வாய்ப்பு 1.08 கோடியில் ஒன்று. தினம் ஒன்று என்று வருஷம் முழுக்க வாங்கினால் செலவு 18,250 ரூபாய். அந்த வேகத்தில் 1.08 கோடி சீட்டு வாங்கி முடிக்க 29,000 வருஷத்துக்கு மேல் ஆகும். வாங்குவதென்றால் போனாலும் பரவாயில்லை என்கிற பணத்தில் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த எண்தான் விழும் என்று ‘கெஸ்ஸிங்’ எண்கள் தருகிறார்களே, பலிக்குமா?
*– உடுமலை வாசகர்*

பலிக்காது. குலுக்கல் எந்திரத்தின் சக்கரங்களுக்கு நேற்றைய எண் தெரியாது. போன வார அட்டவணை, பழைய மாத அட்டவணை எதை வைத்துக் கணித்தாலும் பயன் கிடையாது. காசு கொடுத்து வாங்காதீர்கள்.

நாங்கள் எட்டுப் பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 500 ரூபாய் ஓணம் பம்பர் வாங்குகிறோம். சீட்டு ஒருவரிடம் இருக்கிறது. பின்னால் சண்டை வராமல் என்ன செய்யலாம்?
*– திருப்பூர் பனியன் தொழிலாளர்கள்*

குலுக்கலுக்கு முன்பே, அதாவது யாருக்கும் ஆசை வருவதற்கு முன்பே, செய்யவேண்டிய வேலை இது. ஒரு தாளில் சீட்டின் சீரிஸ், எண், குலுக்கல் எண், தேதி எழுதுங்கள். கீழே எட்டுப் பேர் பெயர், ஒவ்வொருவரும் போட்ட தொகை, கையெழுத்து. அந்தத் தாளையும் சீட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து எட்டுப் பேர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஜிபேயில் பணம் அனுப்புகிறவர்கள் குறிப்பில் சீட்டு எண்ணைப் போடுங்கள்.

சீட்டின் பின்புறம் பெயர், முகவரி, கையெழுத்துக்கு இடம் இருக்கும். அங்கே ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் அரசின் பார்வையில் அவர்தான் உரிமையாளர். கூட்டாகப் பரிசு கோருவதென்றால், எல்லாரும் கையெழுத்திட்டு, யார் பணத்தைப் பெற்றுக்கொள்வது என்று முத்திரைத்தாளில் கூட்டு உறுதிமொழி எழுதி நோட்டரியிடம் சான்று வாங்கித் தரவேண்டும். இதில் வரி விஷயமும் ஒன்று இருக்கிறது. யாருடைய பான் எண்ணில் வரி பிடிக்கப்படுகிறதோ அவருடைய வருமானமாகத்தான் முழுத் தொகையும் பதிவாகும். ஒருவர் பெயரிலேயே வாங்கிப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டால், அத்தனை கூடுதல் வரியும் அந்த ஒருவர் தலையில் விழும். விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்பே ஓர் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

பரிசுப் பணத்தை எங்கே, எப்படி வாங்குவது? எத்தனை நாள் அவகாசம்?
*– மார்த்தாண்டம் வாசகர்*

குலுக்கல் நாளிலிருந்து 30 நாள். சீட்டு வாங்கிய நாளிலிருந்தும் அல்ல, நீங்கள் முடிவைப் பார்த்த நாளிலிருந்தும் அல்ல. தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கேட்க வழி உண்டு என்றாலும் அதை நம்பி இருக்கவேண்டாம்.

5,000 ரூபாய் வரை கேரளத்தில் உள்ள எந்த லாட்டரிக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். உங்களுக்குக் களியக்காவிளையைத் தாண்டினால் போதும். 1 லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கு மேற்பட்ட பெரிய பரிசுகள் திருவனந்தபுரம் லாட்டரி இயக்குநரகத்துக்குப் போகும். நேரில் போகத் தயங்குகிறவர்கள் வங்கி மூலமாகவும் கொடுக்கலாம். பெரிய பரிசென்றால் நாங்கள் வங்கி வழியைத்தான் சொல்வோம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் அலைவதைவிட அது பத்திரம். கொடுக்கும்போது சீட்டின் எழுத்து, எண் எழுதிய ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.

தேவையானவை: பின்புறம் பெயர், முகவரி, கையெழுத்திட்ட அசல் சீட்டு, அதன் இருபக்க நகல், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு, பான் அட்டை நகல், ஆதார் போன்ற அடையாளச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது. கேரளத்துக்கு வெளியே இருப்பவர்கள் இவற்றை நோட்டரியின் பெயர், கையெழுத்து, முத்திரையோடு சான்றளித்துத் தரவேண்டும். தாமதம் ஆவது பெரும்பாலும் பெயர்க் குழப்பத்தால். பான் அட்டையில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், வங்கிக் கணக்கில் வேறு எழுத்துக்கூட்டு என்று இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். சீட்டின் பின்புறம் எழுதும்போது பான் அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள்.

25 கோடி விழுந்தால் கையில் உண்மையில் எவ்வளவு வரும்?
*– செங்கோட்டை வாசகர்*

முதலில் சீட்டை விற்ற ஏஜென்ட்டுக்குப் போகும் கமிஷன். அதை 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 2.5 கோடி. மீதி 22.5 கோடியில் 30 சதவீத வருமான வரி, 6.75 கோடி. வங்கிக்கு வருவது 15.75 கோடி.

பலரும் தடுக்கி விழுவது இதற்குப் பிறகுதான். சர்சார்ஜும் செஸும் (வரியின் மேல் போடும் கூடுதல் வரிகள்) அந்தப் பிடித்தத்தில் வராது. அவற்றை வென்றவர்தான் தனியாகக் கட்டவேண்டும். புதிய வரி முறையில் 6.75 கோடி மேல் 25 சதவீத சர்சார்ஜ், 1 கோடியே 68 லட்சத்து 75 ஆயிரம். அதையும் சேர்த்து 4 சதவீத செஸ், 33 லட்சத்து 75 ஆயிரம். இந்த 2 கோடியே 2 லட்சத்து 50 ஆயிரத்தை அடுத்த முன்கூட்டிய வரித் தவணையிலேயே கட்டவில்லையென்றால் வட்டி ஏறும். எல்லாம் போக நிற்பது சுமார் 13.72 கோடி.

வாரச் சீட்டின் 1 கோடிக்கு இதே வழியில் வங்கிக்கு வருவது 63 லட்சம். 10 சதவீத சர்சார்ஜும் செஸும் கட்டினால் சுமார் 59 லட்சம். வேறு வருமானமே இல்லாதவராக இருந்தாலும் அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. தோற்ற சீட்டுகளின் செலவையும் கழிக்க முடியாது. அதனால் பணம் வந்த அன்றே வரிக்கான தொகையை வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

என் கணவர் தினமும் ‘மூணு நம்பர்’ எழுதுகிறார். கேட்டால் கேரள லாட்டரிதானே என்கிறார். இப்போது வாட்ஸ்அப்பில் பரிசு விழுந்திருக்கிறது, ஜிஎஸ்டி கட்டுங்கள் என்றும் வந்திருக்கிறது.
*– ஈரோடு வாசகி*

இரண்டுமே கேரள லாட்டரி அல்ல. கேரள அரசு காகிதச் சீட்டு மட்டும்தான் விற்கிறது. ஆன்லைனில் விற்பதில்லை, ஆப் மூலமும் விற்பதில்லை.

மூணு நம்பர் என்பது, மூன்று மணிக்கு வரும் கேரள முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தின் மேல் கட்டும் சட்டவிரோதப் பந்தயம். ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்று அந்த மூன்றில் தனித்தனி இலக்கத்துக்கும் கட்டுவார்கள். ஆயிரம் எண்ணில் ஒன்று வரும். ஆயிரம் எண்ணுக்கும் பத்து ரூபாய் வசூலானால் 10,000. விழுந்தவருக்கு அதைவிடக் குறைத்துத்தான் தருவார்கள், இல்லையென்றால் அவர்கள் தொழில் நடக்காது. விழுந்தும் தராவிட்டால் கேட்க இடமில்லை, துண்டுச் சீட்டுக்கு எந்தச் சட்டமும் துணைக்கு வராது. தினமும் சிறுதொகை என்பதால் கூலி கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் கணவரிடம் சண்டை போடுவதைவிட, ஒரு மாதம் எழுதிய தொகையையும் வந்த தொகையையும் ஒரு நோட்டில் அவரையே எழுதச் சொல்லுங்கள். நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் அது நோய்போலப் பிடித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் பேசலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணமில்லை.

வாட்ஸ்அப் செய்தி மோசடி. ஜிஎஸ்டி சீட்டு விலைக்குள்ளேயே அடங்கிவிட்டது. வருமான வரியைப் பரிசிலிருந்து பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். முன்பணம் கட்டச் சொல்லி லாட்டரித் துறை யாரையும் கேட்காது. ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

சட்டைப் பையோடு சீட்டைத் துவைத்துவிட்டோம். எண் மங்கலாகத் தெரிகிறது.
*– கூடலூர் வாசகி*

தேய்க்காதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், மங்கிய எண்ணின் மேல் பேனாவால் எழுதவே எழுதாதீர்கள். எழுதினால் திருத்திய சீட்டாகிவிடும். விரித்து நிழலில் காயவைத்து, இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து எடுத்துப் போங்கள். எண்ணும் பார்கோடும் படிக்கும்படி இருந்தால் அலுவலகத்தில் சரிபார்த்துச் சொல்வார்கள். இரண்டும் அழிந்திருந்தால் பரிசு கிடைக்காது. அடுத்த முறை வாங்கியவுடன் பின்புறம் கையெழுத்திட்டு, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்துவிடுங்கள்.