நன்றியும் காணிக்கையும்: நீங்கள் கேட்டவை, என் பதில்கள்

இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டச் சபையில் 31 வருடம் காணிக்கைக் கணக்கு எழுதினேன், ஞாயிறு பாடசாலையும் எடுத்தேன். நன்றியோடு கொடுப்பது பற்றிக் கேளுங்கள் என்றதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குத் தெரிந்ததற்கு விரிவாகவே எழுதுகிறேன்.

அண்ணே, நன்றி மனசில் இருந்தால் போதாதா? கையிலும் காட்ட வேண்டுமா? (ஹட்டன்)

தங்கச்சி, லூக்கா 17ஐ எடுத்துப் பாருங்கள். குஷ்டம் தீர்ந்தது பத்துப் பேருக்கு, திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். மற்றவர்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆனாலும் "மற்ற ஒன்பதுபேர் எங்கே" என்றுதான் இயேசு கேட்டார்.

இன்னொன்று. அப்போஸ்தலன் பவுல் எழுதிய 2 கொரிந்தியர் 8, 9 இரண்டு அதிகாரமும் எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் சேர்த்ததைப் பற்றியவை. மக்கெதோனியா நாட்டுச் சபைகளுக்கு தேவன் அளித்த கிருபையில் தொடங்கி, சொல்லிமுடியாத ஈவுக்காக ஸ்தோத்திரம் என்று முடிகின்றன. நம் வேதத்தில் கிருபை, ஸ்தோத்திரம் என்று இரண்டு சொல். கிரேக்கத்தில் பவுல் எழுதியதோ இரண்டு இடத்திலும் காரிஸ் என்ற ஒரே சொல்தான், நடுவில் அந்தக் காணிக்கையையும் அதே சொல்லால்தான் சொல்கிறார். மேலிருந்து வருவது, கை மாறிப் போவது, நன்றியாகத் திரும்பி ஏறுவது மூன்றையும் அவர் பிரித்தே பார்க்கவில்லை. அந்த மக்கெதோனியர் கொடிய தரித்திரத்தில் இருந்தவர்கள் என்றும் அவரே எழுதுகிறார்.

எங்கள் அப்பாயி பறித்த கொழுந்தை நிறுத்துவிட்டு, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டுக்கு வந்ததும் உலை வைப்பார். அரிசியைக் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பால்மா டின்னில் போடுவார். அதுதான் சபைக்கான பிடியரிசி. மழை பிடித்து வேலை குறைந்த மாதங்களில் உலையில் போடும் அரிசி குறையும், அந்தப் பிடி மட்டும் குறையாது. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இன்னைக்கும் உலை வச்சோம்ல" என்றார், அவ்வளவுதான். நான் படித்த எந்த விளக்கத்தையும் விட அது எனக்குள் நின்றுவிட்டது.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போக மிச்சத்திலா? (தலவாக்கலை)

தம்பி, சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அப்புறம் சந்தா, முற்பணம் எல்லாம் கழித்துத்தான் கைக்கு வருகிறது, தெரியும். அப்போஸ்தலர் எழுதிய நிருபங்களில் சபைக்குப் பத்தில் ஒன்று என்று எங்கும் கட்டளை இல்லை. "தன்தன் வரவுக்குத் தக்கதாக" என்று 1 கொரிந்தியர் 16:2 சொல்கிறது. பத்தில் ஒன்று நல்ல பழக்கம், நானும் அப்படித்தான் கொடுக்கிறேன். எதிலிருந்து என்பதை ஜெபித்து நீங்களே முடிவெடுங்கள்.

பிள்ளை பரீட்சையில் பாஸானால் 25,000 ரூபாய் தருவதாகப் பொருத்தனை. பாஸாகிவிட்டாள். வட்டிக்கு வாங்கவா? (பண்டாரவளை)

வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். "அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்பது 2 கொரிந்தியர் 8:12. மாதம் கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுங்கள். பிள்ளையையும் கூட்டிப்போய் அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.

தசமபாகம் மொத்தச் சம்பளத்திலா? (பதுளை)

தலவாக்கலைத் தம்பிக்கு எழுதியதே உங்களுக்கும்.

காணிக்கை கொடுத்தவர் பெயரையும் தொகையையும் ஆலயத்தில் வாசிப்பது சரியா? (நுவரெலியா)

சரியில்லை. வலது கை செய்வதை இடது கை அறியக்கூடாது, மத்தேயு 6:3. எங்கள் சபையிலும் வாசித்தோம், ஒரு வருடம் நானே வாசித்தேன். 100 ரூபாய் கொடுத்த ஒரு விதவைத் தாய் அடுத்த மாதத்திலிருந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு நான் வாசிக்கவில்லை.

அதே நுவரெலியா அண்ணன்: எண்ணாகமம் 7இல் பெயர் போட்டுத்தானே எழுதியிருக்கிறது? வாசிக்காவிட்டால் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

நல்ல இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள், ஆனால் முழுதாக வாசியுங்கள். பன்னிரண்டு பிரபுக்கள், பன்னிரண்டு நாள், ஆளுக்கு ஆள் ஒரே காணிக்கை. எடை கூட மாறவில்லை. அந்தப் பட்டியலில் தலைகுனிய வேண்டியவர் ஒருவரும் இல்லை. நம் பட்டியல் அப்படியா?

மாதர் சங்கத்து அக்கா ஒருவர்: அப்படியென்றால் அறுப்பின் பண்டிகை ஏலமும் தப்பா?

இல்லை அக்கா. லீக்ஸ், கரட், பூசணிக்காய் என்று வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து வைத்து, சிரித்துக்கொண்டே ஏலம் கேட்பது பண்டிகையின் சந்தோஷம். போட்டிக்குக் கேட்டுவிட்டு மாதக் கடைசியில் நகையை அடகு வைப்பதுதான் தப்பு. மறுபடியும் சொல்கிறேன், கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

நுவரெலியா அண்ணன்: சபைக் கூரை ஒழுகுகிறதே, பணத்துக்கு எங்கே போவது?

யாத்திராகமம் 36இல் ஆசரிப்புக் கூடார வேலைக்கு ஜனங்கள் தேவைக்கு மேல் கொண்டுவந்தார்கள், போதும் என்று மோசே அறிவிக்க வேண்டியிருந்தது. அங்கே பட்டியல் வாசிக்கவில்லை, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்தவர்கள் அவர்கள். உங்கள் சபையில் கூரையைக் காட்டுவதற்கு முன்னால், தாங்கள் எதிலிருந்து வெளியே வந்தோம் என்று நாலு பேரைச் சாட்சி சொல்லச் சொல்லிப் பாருங்கள். இதற்கு மேல் வாதாட வேண்டாம் அண்ணே, நேரில் வாருங்கள், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசுவோம்.

மொத்தச் சம்பளத்திலா, மிச்சத்திலா?

இரண்டு முறை எழுதிவிட்டேன். மேலே வாசியுங்கள்.

எங்கள் போதகருக்கும் கமிட்டிக்கும் சண்டை, யார் பக்கம் காணிக்கை கொடுப்பது?

இதைத் திருமண்டலத்தில் கேளுங்கள்.

ஆறு வருடமாக ஆலயம் கூட்டுகிறேன். யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, மனம் சலித்துவிட்டது.

மகளே, அந்தச் சலிப்பு பாவமில்லை. ஒரு மாதம் வேறு ஒருவரிடம் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, சும்மா வந்து உட்கார்ந்து பாடிவிட்டுப் போங்கள். உங்கள் சபையார் உங்களிடம் நன்றி சொல்லாதது அவர்களுடைய குறை, அதை நான் மூடி மறைக்கமாட்டேன். திரும்பக் கூட்டத் தோன்றினால் கூட்டுங்கள். தோன்றாவிட்டால் இன்னொரு வேலை இருக்கும்.

உதவி வாங்கும் நிலையில் இருக்கிற நாங்கள் என்னத்தைக் கொடுப்பது ஐயா? (கொத்மலை)

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண்சரிந்தபோது எங்கள் ஆலய மண்டபத்திலும் குடும்பங்கள் தங்கின. இந்துக் கோயில் பிள்ளைகள் விறகு கொண்டுவந்தார்கள், நம் பெண்கள் சமைத்தார்கள். பிறகு உலர் உணவுப் பொதி பங்கிட்டோம். மறுநாள் காலையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பில் எதையோ முடிந்துகொண்டு வந்து நின்றார். அவிழ்த்தால், நாங்கள் கொடுத்த ஒரு கிலோ பருப்பில் பாதி. "மேல் லயத்துக் கடைசி வீட்டுக்குப் பொதி போய்ச் சேரலையாம் ஐயா, இதைக் கொடுத்துடுங்க" என்றார். நான் கொண்டுபோகிறேன் என்று கையை நீட்டினேன். அப்புறம் என்ன நினைத்தாரோ, "இல்ல, நானே போயிட்டு வாறேன்" என்று மறுபடி முடிந்துகொண்டு அந்தச் சேற்றுப் படியில் ஏறிப் போனார்.