கோழிக் கொட்டகை அமோனியாவை அளக்கச் சிலிக்கான் அலைநடத்தி உதவுமா?

கேள்வி: ஆழ்கூள முறையில் இறைச்சிக் கோழி வளர்க்கிறேன். அமோனியாவை அளக்க வைத்த மின்வேதி உணரி சில மாதங்களிலேயே மந்தமாகிவிடுகிறது. மலிவான சிலிக்கான் அலைநடத்தி (ஒளியை வழிநடத்தும் நுண்பாதை) கொண்ட அகச்சிவப்பு உணரிகளைப் பற்றிப் படித்தேன். அவை வரும்வரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம்.

மின்வேதி உணரி வாயுவுடன் வினைபுரிந்தே அளக்கிறது. ஆகவே அமோனியா இடைவிடாமல் நிற்கும் கொட்டகையில் அது விரைவில் ஓய்ந்துபோவது இயல்பு. அகச்சிவப்பு முறையில் அந்தத் தேய்மானம் கிடையாது. அமோனியா, மீத்தேன் போன்ற வாயுக்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய அலைநீளங்களில் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால், எவ்வளவு ஒளி குறைந்தது என்பதிலிருந்தே வாயுவின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். சிலிக்கான் சில்லில் தலைமுடியைவிட மெல்லிய பாதையைச் செதுக்கி அதனுள் ஒளியைச் செலுத்தினால், அதன் சிறு பங்கு பாதையின் மேற்பரப்பை ஒட்டி, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உயரத்துக்குள் வெளியே படர்ந்து செல்லும். அங்குள்ள வாயு அதைத்தான் உறிஞ்சுகிறது. கணினிச் சில்லுகளைச் செய்யும் ஆலைகளிலேயே இதையும் பெருமளவில் செய்யலாம் என்பதால் விலை குறைகிறது. ஆனால் குறைவது சில்லின் விலை மட்டுமே. லேசரும் ஒளி உணர்வியும் இன்னும் விலை உயர்ந்தவை.

உங்கள் தேவைக்கு இதைவிடப் பெரிய தடை அமோனியாவின் இயல்பிலேயே இருக்கிறது. அது மிக வலுவாக உறிஞ்சுவது 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளங்களில். சிலிக்கானோ சுமார் 8 மைக்ரோமீட்டர் வரைதான் ஒளியை நன்கு கடத்தும். வழக்கமான சில்லில் பாதைக்கு அடியில் இருக்கும் சிலிக்கா (சிலிக்கான் டைஆக்சைடு) அடுக்கு சுமார் 3.6 மைக்ரோமீட்டருக்கு மேல் தானே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடும். அந்த எல்லைக்குள் அடங்கும் 1.5 மைக்ரோமீட்டரில் அளக்கலாம் என்றால் அங்கே அமோனியாவின் உறிஞ்சல் மிகவும் பலவீனமானது. 3.3 மைக்ரோமீட்டரில் உறிஞ்சும் மீத்தேனுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆகவே மீத்தேனுக்குச் சரியாக வேலை செய்த கருவி அமோனியாவுக்கும் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். கூளத் தூசியும் ஈரப் படலமும் அந்த ஒரு மைக்ரோமீட்டர் இடத்திலேயே படிந்து அளவீட்டைக் கெடுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இப்போதைக்கு, கையில் இருக்கும் உணரியை அளக்கும் நேரத்தில் மட்டும் உள்ளே கொண்டுசென்று, பிறகு சுத்தமான காற்றில் வையுங்கள். அதன் ஆயுள் நீளும். கோழியின் தலை உயரத்தில் அளந்து, 25 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 25 பங்கு) அளவைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூக்கை நம்ப வேண்டாம், அது வாடைக்குப் பழகிவிடும். கூளத்தைக் கைப்பிடியில் இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம் என்று பொருள். அப்படியானால் தண்ணீர்க் குழாய்க் கசிவை அடைத்து, கட்டிதட்டிய கூளத்தை அகற்றி, குளிர் இரவுகளிலும் குறைந்த அளவு காற்றோட்டத்தை விடாமல் வைத்திருங்கள்.