முழங்கால் வலியும் முன்வினையும்

ஐயா,

என் அம்மாவுக்கு 76 வயது. மூட்டுத் தேய்மானத்தால் பல ஆண்டுகளாக முழங்கால் வலி. விடியலில் தரையில் அமர்ந்து கந்த சஷ்டி கவசம் ஓதுகிறார். மாத்திரையைப் பல நாட்கள் விட்டுவிடுகிறார். இது முற்பிறவி வினை என்று அத்தை சொன்னதிலிருந்து அதையே நம்புகிறார். எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இந்த மயக்கத்திலிருந்து அவரை எப்படி மீட்பது?

அன்புள்ள நண்பருக்கு,

கடவுள் உண்டா என்ற விவாதத்தை உங்கள் நண்பர்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வலியோடு எழுந்திருக்கும் முதியவரிடம் அதில் வென்று என்ன சாதிக்கப் போகிறீர்கள்? கவசம் ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக் காக்க வேண்டுகிறது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த என் பெரியம்மா, முழந்தாளைச் சொல்லும் வரி வந்ததும் இரு கைகளையும் முட்டியின் மேல் வைத்துச் சற்று நிறுத்திவிட்டுத்தான் மேலே ஓதுவார். வீட்டில் நாங்கள் யாரும் காதுகொடுக்காத வலியை அவர் அங்கே இடம் சுட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னைச் சில காலமாக உறுத்திக்கொண்டிருப்பது உங்கள் அத்தை சொன்னது போன்ற பேச்சுதான். சமணத்துக்குப் போன தம்பி அப்பரை மீட்கும்படி திலகவதியார் வேண்ட, சிவபெருமானே சூலை என்னும் கடும் வயிற்றுவலி நோயைத் தந்தார் என்கிறது பெரியபுராணம். அப்படிப்பட்ட நோயோடு திருவதிகையில் நின்ற அப்பரே, எந்தக் கொடுமைக்காக இது வந்தது என்று தாம் அறியவில்லை என்கிறார்; வயிற்றுக்குள் குடரைத் துடக்கி முடக்குகிறது, 'ஆற்றேன்' என்று முறையிடுகிறார். அவருக்கே தெரியாத வினைக்கணக்கு, தேய்ந்துபோன ஒரு மூட்டைப் பார்த்ததும் உங்கள் அத்தைக்கு எப்படித் தெரிந்தது? அதை அவர் உங்கள் தாயின் முகத்துக்கு நேரே சொன்னபோது, பகுத்தறிவு பேசும் நீங்கள் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள்? மருத்துவமனையில் இருந்த 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 பேரைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமெண்ட் குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் தம்மைக் கைவிட்டுவிட்டாரோ என்று தவித்தவர்களுக்கு அடுத்த இரண்டு ஆண்டுகளில் இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. வினை என்ற பேச்சு அந்தத் தவிப்பில் கொண்டுபோய் விடக்கூடும். ஆகவே நீங்கள் சண்டையிட வேண்டியது கவசத்தோடு அல்ல, அத்தையோடு.

மாத்திரையை விடுவதற்குப் பக்திதான் காரணம் என்று நீங்களாக முடிவுசெய்யாதீர்கள். வலி மாத்திரைகள் பல வயிற்றை எரிக்கும். அம்மாவிடம் கேட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மா தரையில் உட்கார்ந்து எழுவதை இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, முதலில் உயரமான ஒரு நாற்காலி வாங்கிப் போடுங்கள்.