டெக் கம்பெனிக்குப் போட்ட வரியை கடைசில யாரு கட்டுறா? – கேள்வி பதில்

வரி, இணையச் சட்டம் பத்தி என்ன வேணாலும் கேளுங்கன்னு சொன்னதுக்கு இவ்ளோ பேர் கேப்பீங்கன்னு நினைக்கல. நான் வக்கீல் இல்ல, பல நாட்டுல வியாபாரம் பண்ற கம்பெனிங்களுக்கு வரிக் கணக்கு பாக்குற ஆளு, அதனால வரி பக்கம் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், சட்டம் பக்கம் என் கருத்து கலந்துதான் வரும், பிடிக்கலன்னா தாராளமா திட்டுங்க.

கேள்வி: பெரிய டெக் கம்பெனிங்க வரியே கட்டுறதில்லன்னு எல்லாரும் சொல்றாங்களே சார், அது திருட்டு தானே? அரசாங்கம் ஏன் பிடிக்க மாட்டேங்குது?

திருட்டா இருந்தா பிடிக்கிறது ஈஸி. பிரச்சினையே அது பெரும்பாலும் சட்டப்படி நடக்குறதுதான். ஒரு விளம்பரத்தை எடுத்துக்கோங்க. நீங்க உங்க நாட்டுல உக்காந்து உங்க ஊர் ஆளுங்க பாக்கத்தான் 100 ரூபாய்க்கு விளம்பரம் குடுக்குறீங்க, ஆனா பில்லை எடுத்து மேல பாருங்க, வேற ஏதோ நாட்டுக் கம்பெனி பேர் இருக்கும். உங்க நாட்டுல இருக்குற ஆபீஸ் என்னன்னு கேட்டா அது வெறும் 'சப்போர்ட்' ஆபீஸ், சம்பளம் வாடகை செலவோட மேல கொஞ்சம் சதவீதம் சேத்து தாய்க் கம்பெனி குடுத்துரும், அந்தக் கொஞ்சத்துக்குத்தான் இங்க வரி. மீதிப் பணம் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போகும், அங்கயும் லாபமா நிக்காது, சாஃப்ட்வேர் உரிமைக்கு ராயல்டின்னு இன்னொரு நாட்டுக்குப் போயிரும், அந்த நாட்டுல வரி ரொம்பக் கம்மியா இருக்கும் இல்ல இருக்கவே இருக்காது.

இதுக்கு மூலகாரணம் 1920-கள்ல போட்ட ஒரு விதி. ஒரு நாட்டுல கம்பெனிக்கு கட்டடம், ஆபீஸ், ஆளுன்னு நிரந்தரமா ஏதாவது இருந்தாத்தான் அங்க லாப வரி கேக்கலாம். கப்பல்ல சரக்கு அனுப்புன காலத்துக்கு அது நியாயம். இப்போ கோடிக்கணக்கான ஆளுங்க போன்ல நாள் முழுக்க கிடக்குறாங்க, ஆனா அந்த நாட்டுல கம்பெனிக்கு ஒரு நாற்காலி கூட இருக்கணும்னு அவசியம் இல்ல.

கேள்வி: ஆப்பிள் கேஸ்ல அயர்லாந்து எங்களுக்குப் பணம் வேணாம்னு சொன்னதா படிச்சேன், நிஜமாவா?

நிஜம்தான். 2016-ல ஐரோப்பிய ஆணையம் (ஐரோப்பிய ஒன்றியத்தோட நிர்வாக அமைப்பு), அயர்லாந்து ஆப்பிளுக்கு சட்டத்துக்குப் புறம்பா சலுகை குடுத்துருக்கு, 1,300 கோடி யூரோவை திருப்பி வாங்குன்னு சொல்லுச்சு. அவங்க கணக்குப்படி ஒரு ஆப்பிள் துணைக் கம்பெனி 2014-ல கட்டுன வரி 0.005 சதவீதம், அதாவது பத்து லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ. அயர்லாந்து ஆப்பிளோட சேந்து எதிர்த்து கேஸ் போட்டுச்சு, ஏன்னா இதை வாங்கிட்டா, இங்க வந்தா வரி கம்மின்னு நம்பி வந்த மத்த கம்பெனிங்க என்ன நினைக்கும்? 2020-ல ஜெயிச்சாங்க, 2024 செப்டம்பர்ல மேல் கோர்ட்டுல தோத்தாங்க, காசு வந்துருச்சு. கேஸ்ல தோத்து இவ்ளோ பணம் வாங்குன ஒரே பார்ட்டி இவங்களாத்தான் இருக்கும் :)

கேள்வி: அப்போ டிஜிட்டல் சர்வீஸ் டாக்ஸ் போட்டா முடிஞ்சுது இல்ல? பிரான்ஸ், இங்கிலாந்து, இந்தியா எல்லாம் போட்டாங்களே.

போட்டாங்க. இந்தியா 2016-லயே ஆன்லைன் விளம்பரத்துக்கு 6 சதவீதம், 2020-ல ஈ-காமர்ஸுக்கு 2 சதவீதம். பிரான்ஸ் 2019-ல 3 சதவீதம், இங்கிலாந்து 2020-ல 2 சதவீதம். லாபத்தைத்தான் ஒளிச்சு வைக்கிறீங்க, சரி, வருமானத்துலயே ஒரு பங்கை எடுத்துக்குறோம், இதுதான் ஐடியா.

ஆனா 2020 நவம்பர்ல என்ன ஆச்சு தெரியுமா. கூகுள் விளம்பரம் குடுக்குறவங்க பில்லுல புதுசா ஒரு வரி (டாக்ஸ் இல்ல, லைன்!) முளைச்சுது. விளம்பரம் இங்கிலாந்துல காட்டப்பட்டா 2 சதவீதம் கூடுதல் கட்டணம், ஆஸ்திரியான்னா 5 சதவீதம். அரசாங்கம் கம்பெனி மேல போட்டது அப்படியே பில்லுல இறங்கி விளம்பரம் குடுக்குறவன் தலைல உக்காந்துருச்சு. அமேசானும் இங்கிலாந்துல விற்கிற வியாபாரிங்க கட்டணத்தை ஏத்துச்சு. நான் யாரோட பேசினாலும் முதல்ல கேக்குறது இதைத்தான்: சட்டத்துல யார் பேர் எழுதிருக்குன்னு பாக்காதீங்க, கடைசில யார் பாக்கெட்ல இருந்து போகுதுன்னு பாருங்க. போட்டி இல்லாத இடத்துல, அந்த தளத்தை விட்டா வேற போக்கிடம் இல்லாதவன்தான் கட்டுவான்.

இன்னொரு சிக்கல், வருமானத்து மேல வரி போட்டா நஷ்டத்துல ஓடுறவனும் கட்டணும். 100 ரூபாய் வியாபாரத்துல 30 ரூபாய் லாபம் பாக்குறவனுக்கு 3 ரூபாய் கொசுக்கடி. 3 ரூபாய் லாபம் பாக்குறவனுக்கு அதோட கதை முடிஞ்சுது.

கேள்வி: சுத்தி வளைச்சு பெரிய கம்பெனிக்கு வரி போடாதீங்கன்னுதான் சொல்றீங்க. நல்லா சொம்பு தூக்குறீங்க அண்ணே.

தம்பி, எனக்கு அவங்க யாரும் சம்பளம் குடுக்கல, குடுத்தா நல்லாத்தான் இருக்கும். வரி போடக்கூடாதுன்னு எங்க சொன்னேன்? எந்த வரின்னுதான் சண்டை. என் அனுபவத்துல சத்தமில்லாம நல்லா வேலை செய்யுறது, வாங்குறவன் எந்த நாட்டுல இருக்கானோ அந்த நாட்டு விற்பனை வரியை வெளிநாட்டுக் கம்பெனியே பதிவு பண்ணி வசூல் பண்ணிக் கட்டணும்னு வெச்சது. ஐரோப்பா 2015-ல இருந்து இப்படித்தான், இந்தியாவுல ஜிஎஸ்டி 18 சதவீதம். உள்ளூர் கம்பெனி வரி சேத்து விக்கும்போது வெளிநாட்டுக் கம்பெனி வரியில்லாம விலையைக் குறைச்சு விக்குற அநியாயம் இதுல போயிருச்சு. அதை வாங்குற நீங்கதான் கட்டுறீங்க, மறுக்கல, ஆனா அது பில்லுல பளிச்சுன்னு தெரியுது, யாரும் கம்பெனிக்குப் போட்டோம்னு மேடை ஏறி கைதட்டல் வாங்கல.

டிஜிட்டல் டாக்ஸை நான் ஒரேயடியா வேஸ்ட்டுன்னும் சொல்லல. அது இல்லன்னா பணக்கார நாடுங்க பேச்சுவார்த்தைக்கே வந்துருக்க மாட்டாங்க. வரியா பாத்தா சுமார், மிரட்டலா பாத்தா சூப்பர்.

கேள்வி: அந்தப் பேச்சுவார்த்தைதானே 15% குறைந்தபட்ச வரி? அது என்னாச்சு?

2021 அக்டோபர்ல 136 நாடுங்க ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு பாதி. முதல் பாதி, ரொம்பப் பெரிய கம்பெனிங்களோட லாபத்துல ஒரு பங்கை வாடிக்கையாளர் இருக்குற நாட்டுக்குப் பிரிச்சுக் குடுக்குறது. நம்ம பேசிட்டிருக்குற பிரச்சினைக்கு மருந்தே இதுதான், இதுதான் நகரவே மாட்டேங்குது. ரெண்டாவது பாதி, 75 கோடி யூரோவுக்கு மேல வருமானம் இருக்குற குழுமம் எங்க லாபம் காட்டினாலும் 15 சதவீதமாவது கட்டணும். இது பல நாட்டுல சட்டமாயிருச்சு, ஆனா 2025 ஜூன்ல ஜி7ங்கிற ஏழு பணக்கார நாடுங்க கூடி அமெரிக்கக் கம்பெனிங்களுக்கு இதோட முக்கியமான பகுதிகள்ல விலக்கு குடுக்க ஒத்துக்கிட்டாங்க. யாரை நினைச்சு வலை பின்னினாங்களோ அவங்க சைஸுக்கே ஓட்டை.

கேள்வி: அமெரிக்கா மிரட்டினா எல்லாரும் பயந்துருவாங்களா?

நிறைய பேர். பிரான்ஸ் டாக்ஸ் போட்டதும் ஷாம்பெயின், சீஸ், கைப்பை மேல 100 சதவீதம் வரைக்கும் சுங்கம்னு மிரட்டினாங்க, பிரான்ஸ் 2020-ல கொஞ்ச நாள் வசூலைத் தள்ளி வெச்சுது, ஆனா டாக்ஸைக் கைவிடல, இன்னும் வசூல் பண்ணுது. கனடா கதை வேற, 2025 ஜூன் 30 முதல் தவணை கட்டுற நாள், அதுக்கு முந்தின ராத்திரி டாக்ஸையே கைவிட்டுட்டாங்க, ஏன்னா ட்ரம்ப் வர்த்தகப் பேச்சை நிறுத்திட்டேன்னு அறிவிச்சிருந்தார். இந்தியாவும் 2 சதவீதத்தை 2024 ஆகஸ்ட்லயும் 6 சதவீதத்தை 2025 ஏப்ரல்லயும் எடுத்துருச்சு.

கேள்வி: கம்பெனிகிட்ட வாங்க முடியலன்னா யூசர் மேலயே நேரா போட்ட நாடு இருக்கா?

இருக்கு, அதான் எனக்கு ரொம்பக் கடுப்பு ஏத்துறது. உகாண்டா 2018 ஜூலைல வாட்ஸ்அப், ஃபேஸ்புக், ட்விட்டர் பாக்கணும்னா ஒரு நாளைக்கு 200 ஷில்லிங்னு போட்டுச்சு. கட்டலன்னா அந்த ஆப் திறக்காது. என்ன பண்ணுவாங்க, ஜனங்க விபிஎன் (எந்த ஆப் பாக்குறோம்னு நெட்வொர்க்குக்குத் தெரியாம மறைக்கிற ஆப்) போட்டுட்டாங்க. எதிர்பார்த்த வசூல் வரல, 2021-ல அதைத் தூக்கிட்டு இன்டர்நெட் டேட்டா மேலயே 12 சதவீதம் போட்டாங்க, அதை விபிஎன் போட்டும் தப்பிக்க முடியாது. கோடீஸ்வரனுக்கும் தினக்கூலிக்கும் ஒரே 200 ஷில்லிங், இதை விட மோசமா ஒரு வரியை உக்காந்து யோசிச்சாலும் வராது.

ஹங்கேரி 2014-ல ஒரு ஜிபி டேட்டாவுக்கு 150 ஃபோரின்ட் (அவங்க நாட்டு காசு) வரின்னு அறிவிச்சுது. புடாபெஸ்ட்ல பெரிய கூட்டம் போனைத் தூக்கிக் காட்டிட்டு ரோட்டுல இறங்குச்சு, சில நாள்லயே வாபஸ்.

கேள்வி: நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் தான் டேட்டாவை எல்லாம் தின்னுது, டெலிகாம் கம்பெனிக்கு அவங்க பங்கு குடுக்கணும்ங்கிறது நியாயம்தானே?

கேக்க நியாயமா இருக்கும். ஆனா வீடியோ தானா வந்து விழல, நீங்க பிளே அமுக்கினீங்க, அதுக்கு டேட்டா காசும் குடுத்துட்டீங்க. ஒரே சரக்குக்கு ரெண்டு பக்கமும் கூலி. தென்கொரியாவுல அனுப்புறவன் தரப்பு குடுக்கணும்ங்கிற மாதிரி விதி கொண்டுவந்தாங்க, கேம் விளையாடுறதை நேரலையா காட்டுற ட்விட்ச் தளம் 2024 பிப்ரவரியில கடையைக் கட்டிட்டுக் கிளம்பிருச்சு, மத்த நாடுகளை விட நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்கு ஆகுதுன்னு காரணம் சொல்லிட்டு. யூடியூப் கிளம்புச்சா? இல்ல. தாங்குறவன் நிக்கிறான்.

கேள்வி: வரியை விடுங்க, எந்த சைட்டைத் திறந்தாலும் சம்மதமான்னு கேக்குற இந்த குக்கி பேனர் கொடுமையை எந்தப் புண்ணியவான் கொண்டுவந்தது?

எல்லாரும் ஐரோப்பாவோட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரைத் திட்டுறாங்க, ஆனா வேர் அதுக்கு முன்னாடியே 2002-ல வந்து 2009-ல திருத்துன ஒரு ஐரோப்பிய விதி. 2018-ல வந்த ஜிடிபிஆர் 'சம்மதம்'னா என்னன்னு இறுக்குச்சு, அவ்ளோதான். சட்டம் பேனர் போடச் சொல்லல, உளவு பாக்கணும்னா கேட்டுட்டுப் பாருன்னு சொல்லுச்சு. உளவு பாக்காம இருந்தா பேனரே வேணாம், ஆனா அந்த வழியை எடுத்தவங்க ரொம்பக் கம்மி. ஏத்துக்க ஒரு கிளிக், மறுக்க உள்ள போய் உள்ள போய் நாலஞ்சு கிளிக்னு வெச்சாங்க, இதுக்கே பிரான்ஸ் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடியும் அபராதம் போட்டுச்சு, அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் மறுன்னு ஒரு பட்டன் பக்கத்துல வந்துச்சு.

கேள்வி: அபராதம் எல்லாம் அவங்களுக்கு சில்லறை, கட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க இல்ல?

பாதி சரி. ஜிடிபிஆர்ல உலக வருமானத்துல 4 சதவீதம் வரைக்கும் போகலாம், 2023-ல ஃபேஸ்புக்கோட தாய்க் கம்பெனி மெட்டாவுக்கு 120 கோடி யூரோ விழுந்துச்சு. அதையும் தாங்குறாங்க. தாங்க முடியாதவன் சின்னவன், அவன்கிட்ட ஒரு ரூம் நிறைய வக்கீல் இல்ல. நல்ல எண்ணத்துல போட்ட சட்டம் பெரியவனுக்கு மதில் சுவர் கட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும். அதனாலதான் ஐரோப்பாவோட அடுத்த சட்டங்கள்ல சில கடமைகளை ரொம்பப் பெரிய தளங்களுக்கு மட்டும்னு வெச்சாங்க, அது சரியான திருத்தம்.

கேள்வி: ஆஸ்திரேலியா மாதிரி 16 வயசுக்குக் கீழ சோஷியல் மீடியா தடை எல்லா நாட்டுலயும் வரணும். ஒரு அம்மாவா கேக்குறேன்.

புரியுதுங்க அக்கா. அந்தச் சட்டத்துல எனக்குப் பிடிச்சது, பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ தண்டனை இல்ல, கம்பெனிக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் அபராதம். 2025 டிசம்பர் 10-ல அமலுக்கு வந்துச்சு. என் பயம் வேற. 15 வயசுன்னு கண்டுபிடிக்கணும்னா 40 வயசுக்காரனும் தன் வயசை எப்படியாவது காட்டணும், முகமோ கார்டோ ஏதோ ஒண்ணு யாரோ ஒருத்தன் சர்வர்ல போகும். அது கசிஞ்சா மாத்திக்க பாஸ்வேர்ட் இல்ல, முகம். இதுல எனக்கு முடிவான கருத்து இல்ல.

கேள்வி: நியூஸ் லிங்க்குக்கு டெக் கம்பெனிங்க பத்திரிகைங்களுக்கு காசு குடுக்கணும்னு சட்டம் போட்டாங்களே, அது?

ஆஸ்திரேலியாவுல 2021-ல ஃபேஸ்புக் செய்தியை முடக்குச்சு, கூடவே சுகாதாரத் துறை, வானிலைப் பக்கமும் போயிருச்சு, அப்புறம் பேசி முடிச்சு காசு குடுத்தாங்க. கனடாவுல 2023 ஆகஸ்ட்ல மெட்டா முடக்கினது முடக்கினதுதான். சின்ன உள்ளூர் பத்திரிகைங்கதான் மாட்டிக்கிச்சு.

கேள்வி: மனுஷன் வேலையை எடுத்துக்குற ரோபோ மேல வரி?

2017-ல பில் கேட்ஸ் சொன்னார், அதே வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்றம் வேணாம்னுருச்சு. எது ரோபோன்னு முதல்ல யாராவது எழுதிக் காட்டட்டும், எக்செல் எத்தனை கணக்கப்பிள்ளை வேலையைத் தின்னுச்சு, அதுக்கு யார் வரி போட்டா?

கேள்வி: சார் நான் தனியா ஒரு சின்ன சாஃப்ட்வேர் எழுதி சொந்த சைட்ல விக்கிறேன், ஐரோப்பாவுல இருந்து மாசம் அஞ்சாறு பேர் வாங்குறாங்க. எனக்கும் இந்த விதி எல்லாம் இருக்கா?

இருக்கு தம்பி. ஐரோப்பாவுக்குள்ள இருக்குற கம்பெனிக்கு வருஷம் 10,000 யூரோ வரைக்கும் ஒரு சலுகை உண்டு, வெளில இருந்து தனி ஆளுங்களுக்கு விக்கிற உங்களுக்கு அதுவும் இல்ல, முதல் விற்பனையில இருந்தே வாட் (அங்க உள்ள விற்பனை வரி). ஒவ்வொரு நாட்டுலயும் பதிவு பண்ண வேணாம், ஒரே இடத்துல பதிஞ்சு மூணு மாசத்துக்கு ஒருக்கா கணக்கு குடுக்கலாம். வாங்குறவர் எந்த நாடுன்னு காட்ட பொதுவா ரெண்டு ஆதாரம் வெச்சுக்கணும், பில்லிங் முகவரி, ஐபி (அவரோட இன்டர்நெட் இணைப்பு எண்), கார்டு எந்த நாட்டு பேங்க்குதுன்னு, அதுல ரெண்டு ஒத்துப்போகணும். முகவரி ஜெர்மனி, ஐபி ஸ்பெயின், கார்டு போலந்துன்னு ஒரு ஆர்டர் என்னிக்காவது கட்டாயம் வரும். அஞ்சாறு பேருக்காக இவ்ளோ தலைவலி வேணாம்னா ஆப் ஸ்டோர் இல்ல நம்ம பேர்ல வித்து வரி கட்டுற ஏதாவது இடைத் தளம் வழியா வித்துருங்க, ஒரு பங்கை அவங்க எடுத்துப்பாங்க, வாட் அவங்க பாடு.