நிலம் இருக்கட்டும், புண்ணைப் பாருங்கள்

கேள்வி: தென்னையிலிருந்து விழுந்து என் தம்பிக்குப் பதினான்கு மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. போன மாதம் தஞ்சாவூரில் வெளிநாட்டு மறுவாழ்வு நிபுணர் ஒருவர் பேசிய கூட்டத்துக்குப் போய்வந்த மாமா, முதுகில் மின்சாரக் கருவி வைத்தால் நடந்துவிடலாம் என்கிறார். மூன்று மா நஞ்சையை விற்று அனுப்பலாமா? மற்றபடி நன்றாக இருக்கிறான். உட்காரும் இடத்தில் சின்னதாக ஒரு புண், அவ்வளவுதான்.
– வாசகி, பேராவூரணி

பதில்: தங்கச்சி, அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். (மறுவாழ்வு பற்றிய கூட்டம், மண்டபத்து வாசலில் நாலு படி! வீல் சேரோடு என்னைத் தூக்கித்தான் உள்ளே விட்டார்கள்.) மாமா சொல்வது பொய்யில்லை. பாதி.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பதித்து மூன்று பேரை நடக்க வைத்ததை 2018இல் வெளியிட்டார்கள். 2023இல் ஒரு டச்சுக்காரருக்கு, மூளையில் எழும் எண்ணத்தைக் கம்பியில்லாமல் தண்டுவடத்துக்குக் கடத்தும் பாலமே போட்டுவிட்டார்கள். அடிபட்டுப் பன்னிரண்டு வருஷம் கழித்து, ஊன்றுகோலோடு படி ஏறினார் மனிதர். ஆனால் அவருக்குத் தண்டுவடத் தொடர்பு முழுதாக அற்றுப்போயிருக்கவில்லை. முழுதாகச் செயலிழந்த மூவரைப் பற்றி 2022இல் எழுதினார்கள்; அவர்கள் அடியெடுத்து வைத்தது கருவியின் துணையோடு, மாதக்கணக்கான பயிற்சியோடு. தோலின் மேல் ஒட்டும் கருவியும் வந்திருக்கிறது. 2024இல் வெளியான சோதனையில் 60 பேரில் 43 பேருக்குப் பலன் தெரிந்தது. அது கழுத்தில் அடிபட்டவர்களின் கைக்கு. உங்கள் தம்பிக்குக் கை நன்றாகத்தானே இருக்கிறது?

இதெல்லாம் நிலத்தை விற்றுக் கையோடு வாங்கி வருகிற சரக்கு இல்லை. சோதனைக்கு ஆள் சேர்ப்பவர் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அப்புறம், ஸ்டெம் செல் ஊசி என்று ஒரு தரகர் வருவார். தண்டுவட அடிக்கு அதைச் சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது, ஆராய்ச்சியாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இலேயே சொல்லிவிட்டது.

சரி, அந்தப் புண்ணுக்கு வருகிறேன். 'அவ்வளவுதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்திலேயே என்னைப் பயமுறுத்திய வார்த்தை அதுதான்.

நான் வைக்கோல் லாரியின் மேலிருந்து விழுந்தவன். இரண்டாம் வருஷம் சித்திரை வெயிலில் சிமெண்டுத் திண்ணையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். சுடுகிறது என்று சொல்ல உடம்புக்கு வழியில்லையே. சாயங்காலம் கொப்புளம். பத்து நாளில் கொட்டாங்கச்சி அளவுக்குக் குழி. ஆடி பிறந்தும் குப்புறத்தான் கிடந்தேன். எதிர் வயலில் குறுவை நடவு நடந்தது. நான் பார்த்ததெல்லாம் தலையணை உறை.

நிபுணரின் பேச்சில் கருவி கால்வாசிதான். மிச்சமெல்லாம் தோலும் சிறுநீரும். மாமா அதற்குள் டீ குடிக்கப் போயிருப்பார். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவிலில் டாக்டர் லுட்விக் குட்மன் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்று தனி வார்டு திறந்த காலத்தில், இப்படி அடிபட்டவர்கள் படுக்கைப் புண்ணிலும் சிறுநீர்த் தொற்றிலும் சாவதுதான் வழக்கம். அதற்கு அவர் கண்ட பெரிய வைத்தியம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆளைத் திருப்பிப் படுக்க வைத்தது. நடுராத்திரியிலும்.

எனவே, இந்த வாரமே புண்ணை அறுவை சிகிச்சை மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறும்வரை அதன் மேல் உட்காரவே கூடாது, ஒருக்களித்தோ குப்புறவோதான். மஞ்சள் பத்து வேண்டாம். வளையமாக இருக்கும் காற்றுத் தலையணையும் வேண்டாம், அது சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தம் போகவிடாது. ஆறிய பிறகு நல்ல மெத்தை போட்ட வீல் சேர் வாங்குங்கள். கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்கட்டும். தினமும் ராத்திரி கண்ணாடி பிடித்து அவனே பார்க்கட்டும்.

பயிற்சிக்கு வேலூர் பாகாயம் இருக்கிறது. 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும் நேரத்துக்குச் சிறுநீர் எடுப்பதையும் அங்கே தம்பி கற்றுக்கொள்ளட்டும். அதற்கு மூன்று மா நிலம் போகாது.

கேள்வி: கழுத்தில் அடிபட்ட என் வீட்டுக்காரருக்குத் திடீர் திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி. முகம் சிவந்து வியர்க்கிறது. பித்தமா?
– வாசகி, நன்னிலம்

பதில்: பித்தமில்லை அம்மா, ரத்த அழுத்தம் எகிறுகிறது. கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது, மூளைக்கு அந்தச் சேதி போகவில்லை. படுக்க வைக்காதீர்கள், உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இடுப்புக் கயிறு, வேட்டி எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதுதான். பிறகு மலச்சிக்கல், கால் நகம். அப்படியும் அடங்காவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போய்த் 'தண்டுவட அடி' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்த அழுத்தத்தின் மேல் எண் வழக்கமாக 100 இருக்கும் ஆளுக்கு 130 என்பதே அதிகம்; 'நார்மல்தானே' என்று அனுப்பப் பார்ப்பார்கள், நகராதீர்கள்.