அயோவாவின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை நீக்கியது நியாயமா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தலைமைப் பயிற்சியாளரை விட்டுவிட்டு உதவிப் பயிற்சியாளரை மாற்றச் சொல்லி ரசிகர்கள் இத்தனை ஆவேசமாக வாதிடுவது ஏன்? 2023இல் அயோவா பல்கலைக்கழகம் தன் அணியின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் பிரையன் ஃபெரன்ட்ஸை விலக்கியது நியாயமா?

விலக்கியது நியாயமே என்பது என் முடிவு. ஆனால் அதை ஓராண்டு முன்னதாகச் செய்திருக்க வேண்டும். செய்த விதத்திலும், அதற்கு வைத்த அளவுகோலிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கிழக்கு அயோவாவில் வசிப்பதாலும், இந்த அணியை ஊன்றிப் பார்த்து வருவதாலும், என் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேறு எதைப் பற்றியும் பேசாத நண்பர்கள் வாய்த்ததாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தில் பந்தை முன்னே கொண்டு செல்லும் தாக்குதல் பிரிவும் எதிரணியைத் தடுக்கும் தற்காப்புப் பிரிவும் தனித்தனியானவை. ஒரே வீரர்கள் இரண்டிலும் ஆடுவது அபூர்வம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஒருங்கிணைப்பாளர் உண்டு. பெயரளவில் அவர் தலைமைப் பயிற்சியாளரின் உதவியாளர்தான் என்றாலும், அடுத்த ஆட்டத் துண்டில் பந்தை எறிவதா, ஏந்தி ஓடுவதா, யாரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் ஒரு போட்டியில் அறுபது எழுபது முறை முடிவு செய்பவர் அவரே. தலைமைப் பயிற்சியாளரின் வேலையைத் தொலைக்காட்சியில் பார்க்க முடியாது. ஒருங்கிணைப்பாளரின் வேலையை ஒவ்வொரு நிமிடமும் பார்க்கலாம். அணியின் மற்ற பகுதிகள் நன்றாக இருக்கும்போது ரசிகர்களின் கோபம் அவர்மேல் குவிவதற்கு இதுவே முதல் காரணம்.

அயோவாவில் வேறு காரணங்களும் இருந்தன. இந்த மாநிலத்தில் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் ஆகியவற்றின் முதல்தரத் தொழில்முறை லீக் அணி எதுவும் கிடையாது. சுமார் 69,000 பேர் அமரும் கின்னிக் அரங்கம்தான் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை. கர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளர். அவருக்குக் கீழே தாக்குதல் பிரிவை முதலில் கென் ஓ'கீஃப் 2011 வரையிலும், அடுத்து கிரெக் டேவிஸ் 2016 வரையிலும் நடத்தினார்கள். 2017இல் அந்தப் பொறுப்பு கர்க்கின் மகன் பிரையனுக்குக் கிடைத்தது. தந்தை மகனை மேற்பார்வை செய்வது பல்கலைக்கழகத்தின் உறவினர் நியமன விதிகளுக்குப் பொருந்தாது என்பதால், காகிதத்தில் பிரையனுக்கு மேலதிகாரியாக இருந்தவர் விளையாட்டுத் துறை இயக்குநர் கேரி பார்ட்டா.

விவாதம் முழுவதையும் கெடுத்தது இந்த ஏற்பாடுதான் என்று நான் நினைக்கிறேன். மற்ற கல்லூரிகளில் ஓர் உதவிப் பயிற்சியாளர் சரியில்லை என்றால், அவரை வைத்திருப்பதா அனுப்புவதா என்பது தலைமைப் பயிற்சியாளரின் பொறுப்பு. தவறான முடிவுக்கு அவரே பதில் சொல்லியாக வேண்டும். இங்கே அந்த முடிவு, பயிற்சி மைதானத்தில் நிற்காத ஓர் அதிகாரியின் கையில் இருந்தது. ஆகவே பிரையனைப் பற்றிப் பேசிய ஒவ்வொரு ரசிகரும் உண்மையில் கர்க்கைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை ஆண்டுகளாக வெற்றியையும் நிதானத்தையும் தந்த மனிதரைக் குறை சொல்ல மனம் வராதவர்கள் மகனைக் கடுமையாகத் தாக்கினார்கள். தந்தையைக் காப்பாற்ற நினைத்தவர்கள் மகனின் குறைகளையும் மறுத்தார்கள். ஆட்டத்தைப் பற்றிய வாதம் குடும்பத்தைப் பற்றிய வாதமாகிவிட்டது.

பிரையனின் ஆதரவாளர்கள் தரப்பில் உண்மை இல்லாமல் இல்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 2012இல் அயோவாவுக்குத் திரும்பி வந்தவர் பிரையன். வெறும் உறவால் மட்டும் வந்தவர் அல்லர். ஒருங்கிணைப்பாளராக அவருடைய முதல் பருவத்திலேயே, 2017 நவம்பரில், ஒஹாயோ ஸ்டேட் அணியை அயோவா 55-24 என்று நொறுக்கியது. 2019ஆம் ஆண்டுத் தேர்வில் டி. ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபேன்ட் என்று இரண்டு டைட் எண்ட் வீரர்கள் (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) முதல் சுற்றிலேயே தொழில்முறை அணிகளுக்குப் போனார்கள். ஒரே கல்லூரியிலிருந்து ஒரே ஆண்டில் அந்த நிலையில் இருவர் முதல் சுற்றில் போவது அதற்கு முன் நடந்ததில்லை. முன்வரிசைத் தடுப்பாளர்களான டிரிஸ்டன் வர்ஃப்ஸும் டைலர் லிண்டர்பாமும் இவருடைய பிரிவில் வளர்ந்தவர்களே. இவற்றை ஒதுக்கிவிட்டு அவருக்கு ஒன்றுமே தெரியாது என்று சொன்னவர்களோடு நான் ஒருபோதும் சேர்ந்ததில்லை.

எனினும், இவ்வளவு திறமை கையில் இருந்தும் புள்ளிகள் வரவில்லை என்பதுதானே எதிர்த்தரப்பின் வாதம்? 2022 பருவத்தில் அயோவா சராசரியாக ஒரு போட்டிக்கு 17.7 புள்ளிகள் எடுத்தது. பந்தோடு முன்னேறிய மொத்த யார்டுக் கணக்கில் 131 அணிகளில் 130ஆவது இடம். அந்தப் பருவத்தின் முதல் போட்டியில், ஒரு படி கீழான பிரிவைச் சேர்ந்த சவுத் டகோட்டா ஸ்டேட் அணியை 7-3 என்று வென்றது. ஏழு புள்ளி என்றதும் ஒரு டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) என்று நினைத்துவிட வேண்டாம். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஒரு ஃபீல்டு கோல், அதோடு எதிரணியை அதன் சொந்த எல்லைக்குள்ளேயே மடக்கித் தற்காப்புப் பிரிவு தலா இரண்டு புள்ளி ஈட்டித் தந்த இரண்டு சேஃப்டிகள். தாக்குதல் பிரிவின் கணக்கில் மூன்று புள்ளிகள் மட்டுமே. அதே பருவத்தில் ஒருங்கிணைப்பாளர் பில் பார்க்கரின் தற்காப்புப் பிரிவு நாட்டின் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இருந்தது. ஒரே கட்டடம், ஒரே தலைமைப் பயிற்சியாளர், ஒரே உடற்பயிற்சிக் கூடம். ஒரு பிரிவு உச்சியில், மற்றொன்று அடியில். இந்த ஒப்பீட்டுக்கு ஆதரவாளர்கள் யாரும் எனக்கு நிறைவான பதில் சொன்னதில்லை.

2022 பருவம் முடிந்த கையோடு முடிவெடுத்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2023 பிப்ரவரியில் பிரையனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். ஆண்டுச் சம்பளம் 50,000 டாலர் குறைந்து 8,50,000 டாலர் ஆனது. வரும் பருவத்தில் அணி குறைந்தது ஏழு போட்டிகளில் வெல்லவும், போட்டிக்குச் சராசரி 25 புள்ளிகள் எடுக்கவும் வேண்டும். இல்லையென்றால் 2024 ஜூன் 30ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் இந்த ஆவணம் வெளியில் வந்தது. வந்த நாளிலிருந்து மாநிலமே கணக்கெழுத உட்கார்ந்தது. பதின்மூன்று போட்டிகளுக்கு 325 புள்ளிகள் என்று பெருக்கி வைத்துக்கொண்டு, வாரா வாரம் மீதியைக் கழித்துப் பார்த்தார்கள்.

இந்த 25 என்ற எண்ணை நான் கடுமையாகவே எதிர்க்கிறேன். அணி எடுக்கும் எல்லாப் புள்ளிகளும் அதில் சேரும் என்றார்கள். தற்காப்புப் பிரிவு பந்தைப் பறித்து ஓடி எடுத்தாலும் சேரும், எதிரணி முன்னேற முடியாமல் தூரமாக உதைத்துவிடும் பன்ட்டை வாங்கி ஓடி எடுத்தாலும் சேரும். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராகத் தற்காப்பு வீரர் கூப்பர் டிஜீன் பன்ட்டை வாங்கி 70 யார்டு ஓடி எடுத்த டச் டவுனில் தாக்குதல் ஒருங்கிணைப்பாளருக்கு என்ன பங்கு? அளக்க நினைத்தது ஒன்று, அளந்தது வேறொன்று. அதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு. முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நிமிடங்களில் கடிகாரத்தை ஓட விடுவதே முறை; ஆனால் அப்போது புள்ளி சேர்த்தால் பயிற்சியாளரின் வேலை தப்பும் என்ற நிலையை ஒப்பந்தமே உண்டாக்கியது. முதல் போட்டியில் யூட்டா ஸ்டேட்டை 24-14 என்று வென்றபோது, வெற்றியைப் பற்றிப் பேசாமல் அந்த ஒரு புள்ளி குறைந்ததைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். பதினெட்டு, இருபது வயது மாணவர்களின் உழைப்பை இப்படி ஒருவருடைய ஊதியக் கணக்காக மாற்றியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்தப் பருவத்தில் மிச்சிகனிலிருந்து வந்து சேர்ந்த குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கேட் மெக்னமாரா, செப்டம்பர் இறுதியில் முழங்கால் தசைநார் அறுந்து பருவம் முழுவதையும் இழந்தார். மாற்று வீரர் டீக்கன் ஹில்லை வைத்து ஆட வேண்டியதாயிற்று. நியாயமாகப் பேசினால் இந்த இழப்பைப் பிரையனின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் அக்டோபர் 21 அன்று சொந்த மைதானத்தில் மினசோட்டாவிடம் 12-10 என்று தோற்ற போட்டியை நினைத்துப் பாருங்கள். கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் டிஜீன் பன்ட்டை எடுத்து ஓடி அடித்த டச் டவுனை, அவர் கையசைத்தது செல்லாத ஃபேர் கேட்ச் சைகை (பந்தைப் பிடிப்பேன், ஓட மாட்டேன் என்று காட்டுவது) என்று காணொளி மறுபார்வையில் ரத்து செய்தார்கள். அன்றைய பேச்சு முழுவதும் நடுவர்களைப் பற்றியே இருந்தது. அதே போட்டியில் அயோவாவின் ஓட்டம் மொத்தம் 11 யார்டு, எறிந்தது 116 யார்டு. ஒரு நடுவர் முடிவில் தலைவிதி தொங்கும் நிலைக்குச் சொந்த மைதானத்தில் அணி வந்தது ஏன் என்று அன்று கேட்டவர்கள் குறைவு. என் அலுவலக நண்பர் ஒருவர், மூன்று தலைமுறையாகப் பருவச் சீட்டு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர், அதைக் கேட்டார். அதுவரை பிரையனை விடாமல் ஆதரித்து வந்தவர் அவர்.

அக்டோபர் 30 அன்று விளையாட்டுத் துறையின் இடைக்கால இயக்குநர் பெத் கெட்ஸ் அறிவித்தார்: பருவம் முடியும்வரை பிரையன் பணியில் இருப்பார், அதன்பின் திரும்ப மாட்டார். பார்ட்டா அந்தக் கோடையிலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அறிவிப்பு வந்தபோது அணி எட்டில் ஆறு வென்றிருந்தது, சராசரி 19.5. பருவத்தின் நடுவில் ஒருவரை இப்படி அறிவித்துவிட்டு அதே அறையில் வேலை செய்ய வைப்பது கொடுமை என்றார்கள் பலர். கர்க்கும் இத்தகைய முடிவுகள் பருவத்தின் இறுதியில் எடுக்கப்பட வேண்டியவை என்ற கருத்தை மறைக்கவில்லை. நான் இதில் கெட்ஸின் பக்கம். முடிவு தெரிந்த பிறகு அதை மறைத்து வைத்திருந்தால், அந்த எண் ஒவ்வொரு வாரமும் வீரர்களின் தலைமேல் தொங்கியிருக்கும். அறிவித்ததும் அது செத்துவிட்டது.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். நார்த்வெஸ்டர்னை 10-7, ரட்கர்ஸை 22-0, இல்லினாயை 15-13, நெப்ராஸ்காவை 13-10 என்று நான்கையும் வென்று, தான் ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் மேற்குப் பிரிவையும் அயோவா கைப்பற்றியது. பிறகு கூட்டமைப்பின் இறுதிப் போட்டியில் மிச்சிகனிடம் 26-0, பருவ முடிவில் நடக்கும் சிட்ரஸ் போல் போட்டியில் டென்னசியிடம் 35-0 என்று தோற்றது. பதினான்கு போட்டிகளையும் கூட்டிப் பாருங்கள்: அயோவா எடுத்தது 216, கொடுத்தது 207. வித்தியாசம் ஒன்பதே புள்ளிகள். அதில் பத்து வெற்றிகள். பார்க்கர் அந்த ஆண்டு நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராய்ல்ஸ் விருதையும், பன்ட் உதைக்கும் டோரி டெய்லர் ரே கை விருதையும் பெற்றார்கள். பத்து வெற்றி பெற்ற அணியில் ஏன் கை வைக்க வேண்டும் என்று கேட்டவர்களுக்கு நான் இந்த இரண்டு விருதுகளைத்தான் காட்டுவேன். மூன்று போட்டிகளில் ஒரு புள்ளிகூட எடுக்காத தாக்குதல் பிரிவைத் தற்காப்புப் பிரிவும் பந்தை உதைக்கும் பிரிவும் தோளில் தூக்கிச் சுமந்தன.

2024 ஜனவரியில் பிரையனின் இடத்துக்கு டிம் லெஸ்டர் வந்தார். வெஸ்டர்ன் மிச்சிகனில் ஆறு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்து நீக்கப்பட்டு, ஓராண்டு கிரீன் பே பேக்கர்ஸ் என்ற தொழில்முறை அணியில் பகுப்பாய்வாளராக இருந்தவர். நீக்கப்பட்ட ஒருவரா என்று இங்கே முதலில் முகம் சுளித்தார்கள். அவருடைய முதல் பருவத்தில் சராசரி 28 புள்ளிகளை ஒட்டி உயர்ந்தது. கேலப் ஜான்சன் 1,537 யார்டு ஓடி, ஓட்டத்தில் மட்டும் 21 டச் டவுன் அடித்தார். 2008இல் ஷான் கிரீன் வைத்திருந்த 20 என்ற பல்கலைக்கழகச் சாதனை உடைந்தது. ஜான்சன் புதிதாக வந்தவர் அல்லர். பிரையனின் காலத்திலும் இதே அணியில் இருந்தவர். முன்வரிசைத் தடுப்பாளர்களும் பெரும்பாலும் பழையவர்களே. பந்து கிளம்புவதற்கு முன் வீரர்களை நகர்த்தி எதிரணியின் கண்ணைக் குழப்புவதும், ஓட்டத்தைப் பல கோணங்களில் திறப்பதும் புதிதாக வந்தன. மாற்றம் சரியானது என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தேவையில்லை.

ஆனால் அந்தப் பருவத்தின் வெற்றிகள் எட்டு மட்டுமே. முந்தைய ஆண்டின் பத்தைவிடக் குறைவு. எறியும் ஆட்டம் நாட்டின் கடைசி வரிசையிலேயே கிடந்தது. ஒரே பருவத்தில் மூன்று குவார்ட்டர்பேக்குகளை மாற்றிப் பார்த்தார்கள். ஆகவே எல்லாப் பழியும் பிரையனுடையது என்று 2023இல் முழங்கியவர்களும் பாதி தவறுதான். நல்ல குவார்ட்டர்பேக்கைத் தேடிக் கொண்டுவருவதும் வளர்ப்பதும் அயோவாவின் நெடுநாள் குறை. அதில் கர்க்குக்கும் பங்கு உண்டு. கடைசியில் 2025க்கு அவர்கள் அழைத்து வந்த மார்க் க்ரோனோவ்ஸ்கி, அந்த 7-3 போட்டியில் எதிரணிக்கு ஆடிய குவார்ட்டர்பேக்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: தலைமைப் பயிற்சியாளரைத் தொட மனமில்லாத இடங்களில் உதவிப் பயிற்சியாளர் மீதான வாதம் சூடேறும், அந்த உதவியாளர் தலைமைப் பயிற்சியாளரின் மகனாகவும் இருந்துவிட்டால் அது எல்லை மீறும். அந்த இரண்டு ஆண்டுகளில் பிரையனின் மனைவி மக்களைக்கூட இழுத்துப் பேசியவர்களை நான் நேரில் கேட்டிருக்கிறேன். அவர்களோடு எனக்கு எந்த உடன்பாடும் இல்லை. ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், 2023 ஜனவரியில் ஒப்பந்தத்தில் எண்ணை எழுதாமல் நன்றி சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். அந்தத் தற்காப்புப் பிரிவோடு சுமாரான ஒரு தாக்குதல் பிரிவு சேர்ந்திருந்தால் 2023 எப்படி முடிந்திருக்கும் என்பதுதான் இங்கே இன்னும் ஓயாத பேச்சு.