வினைல் பலகை அடித்தால் வீட்டின் தரம் குறையுமா?

கேள்வி: அமெரிக்காவில் மகன் வாங்கப் போகிற வீட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கையில் தரம் 'க்யூ4' என்று வந்திருக்கிறது. வெளிச்சுவரில் வினைல் பலகை (பிளாஸ்டிக் வகை உறை) இருப்பதுதான் காரணமா? இங்கே நானும் கேரளத்தில் புனலூர் பக்கம் செய்வதுபோல முகப்பில் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) ஒட்டினால் வங்கி மதிப்பு கூடுமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பதற வேண்டாம் அண்ணாச்சி, க்யூ4 மோசமான மதிப்பெண் இல்லை. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற அமெரிக்க அமைப்புகள் 2011-இல் கொண்டுவந்த அளவுகோலில் க்யூ1 தான் உச்சம், க்யூ6 கடைசி. க்யூ4 என்றால் கட்டட விதிப்படி, வழக்கமான வரைபடத்தில், பில்டர்கள் சாதாரணமாகப் போடும் பொருட்களால் கட்டிய வீடு. வினைல் அந்த ரகத்தில் சேரும், ஆனால் அது மட்டுமே தரத்தை முடிவு செய்வதில்லை, ஏனென்றால் வடிவமைப்பு, வேலைப்பாடு, உள்ளலங்காரம் எல்லாவற்றையும் மொத்தமாகப் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள். முன்பக்கம் மட்டும் செங்கல் ஒட்டி மற்ற மூன்று பக்கமும் வினைல் விட்ட வீடுகள் அங்கே ஏராளம், அதனால் மட்டும் க்யூ3 கிடைத்துவிடாது. பலகை வெடித்திருந்தால் அது 'சி' என்று வரும் நிலைமை மதிப்பெண்ணில் பேசும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் வெட்டுக்கல். நம்மூர் வங்கி மதிப்பீட்டாளர் பொதுவாக நிலத்தைத் தனியாகவும், கட்டடத்தைப் பரப்பளவு, வயது வைத்துத் தனியாகவும் கணக்கிடுவார். முகப்பு அலங்காரத்துக்குப் போட்ட பணம் முழுசாகத் திரும்பாது. அழகுக்கு என்றால் தாராளமாக ஒட்டுங்கள், ஆனால் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே சுவர் விரிசலை அடைத்து, கல்லின் மேல்விளிம்பில் தண்ணீர் இறங்காமல் பூசிவிடச் சொல்லுங்கள்.